லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் எங்கே போச்சு? பழைய பிக்கப்பில் ஆறு நாள்

முதல் நாள்: காங்கேயம் – தாராபுரம் – பொள்ளாச்சி

எங்கள் பொலேரோ பிக்கப் 2008 மாடல். அப்பா வாங்கியது. 2523 சிசி டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. டேஷ்போர்டு பெட்டிக்குள் அப்பா எழுதிய நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. தேதி, மீட்டர், லிட்டர், என்ன சுமை, எந்த ஊர் என்று வரி வரியாக எழுதியிருப்பார். 2011 வைகாசியில் ஒரு வரி: "கொப்பரை 1 டன், ஈரோடு போய் வந்தது, 12.4." முட்டி வலி வந்து 2014-ல் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். அதோடு நோட்டும் நின்றுவிட்டது.

போன மாதம் நான் கணக்குப் போட்டபோது லிட்டருக்கு 9.3 கிலோமீட்டர்தான் வந்தது. டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்கிறது. மாதம் 2500 கி.மீ. ஓடும் வண்டிக்கு மூன்று கிலோமீட்டர் குறைந்தால் அந்த வண்டியில் தொழில் செய்து பயனில்லை. விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. எனக்கு மனசு வரவில்லை. எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விற்கக் கூடாது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் சங்ககிரி லாரிகளில் ஓட்டியவர். "ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் கண்ணு, வண்டியே சொல்லீரும்" என்றார்.

வேலையும் இருந்தது. ஆழியாறு பக்கம் நர்சரியில் தென்னங்கன்று ஏற்றி, தாளவாடியில் ஒரு நண்பர் தோட்டத்தில் இறக்க வேண்டும். திரும்பும்போது முட்டைக்கோஸ். கடைசியில் நாமக்கல்லிலிருந்து எங்கள் தோப்புக்குக் கோழி எரு.

காலையில் காங்கேயத்தில் ஃபுல் டேங்க். பங்க்கில் குழாய் தானாக ஒருமுறை கட் ஆனதும் நிறுத்தச் சொன்னார் சித்தப்பா. வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அடுத்த தடவையும் அதே அளவு ஊற்றினோமா என்று தெரியாது. அரை லிட்டர் முன்பின் ஆனாலும் நூறு கிலோமீட்டருக்குக் கணக்கு கெட்டுவிடும்.

தாராபுரம் ரோட்டில் ஏறியதும் ட்ரிப் மீட்டரைச் சைபருக்குத் தள்ளச் சொன்னார். ரோட்டோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே போனோம். இருபது கல் தாண்டியபோது மீட்டர் காட்டியது 19.2. வண்டியை ஓரங்கட்டி டயரைப் பார்த்தேன். 235/75 R15. பழைய டயர் 215/75 R15. போன வருஷம் மாற்றும்போது கடையில் பெரிய சைஸ்தான் இருந்தது, போட்டுக்கொண்டேன். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கோ சுற்றுக் கணக்கு மட்டும்தான் தெரியும். நூற்றுக்கு நான்கு கிலோமீட்டர் அது எழுதாமலே விட்டிருக்கிறது. அப்படியானால் போன மாதத்து 9.3 உண்மையில் 9.7. ஒரு சொட்டு டீசல் மிச்சம் ஆகாமலே 0.4 கிடைத்துவிட்டது. இனி எல்லாக் கணக்கையும் இப்படித் திருத்தித்தான் எழுதப் போகிறேன்.

தாராபுரம் தாண்டி மேற்கே திரும்பியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சும்மா சொல் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அதற்குள் நுழைந்து நேராக எங்கள் மேல் வீசுகிறது. உடுமலை வரைக்கும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காலி வண்டி, 60-ல்தான் போனேன், ஆனாலும் மூன்றாவது கியருக்கு இறங்கச் சொல்லி எஞ்சின் கெஞ்சியது.

சித்தப்பா சொன்ன கணக்கு இது. வண்டி 60, எதிர்க்காற்று 30 என்றால் காற்றைப் பொறுத்தவரை நாம் 90-ல் போகிறோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60 எங்கே, 90 எங்கே, இரண்டேகால் மடங்கு. "இந்த மாதிரி நாள்ல பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைச்சா மத்த நாள்ல குறைக்கறதைவிட அதிகமா மிச்சமாகும்" என்றார். 50-க்கு வந்தேன். பொள்ளாச்சிக்குக் கால் மணி நேரம் தாமதம்.

பொள்ளாச்சியில் ஃபுல் டேங்க்: 97 கி.மீ., 10.2 லிட்டர். 9.5.

இரண்டாம் நாள்: ஆழியாறு – பல்லடம் – அவிநாசி – சத்தியமங்கலம்

காலையில் டயர் குளிர்ந்து இருக்கும்போதே காற்றுப் பார்த்தோம். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பக் கூடாது. கதவு ஓரத்தில் கம்பெனி ஒட்டிய அட்டையில் இருப்பதைவிட நாலு டயரிலும் குறைவு, பின் இடது டயரில் பத்து பாயிண்ட் குறைவு. பார்வைக்கு டயர் சப்பையாகவே இல்லை. அட்டையில் இருந்தபடி பிடித்தோம். அட்டையின் கணக்கு பழைய சைஸ் டயருக்கானது, ஊர் போனதும் டயர் கடையில் கேட்க வேண்டும்.

கன்று 160, மண்ணோடு சேர்த்து அறுநூறு கிலோ வரும். ஓலை கேபினுக்கு மேலே இரண்டடி எழும்பி நின்றது. அப்படியே போனால் ஓலையும் கிழியும், காற்றுக்குப் பாய் விரித்த மாதிரியும் ஆகிவிடும். உயரமான கன்றுகளை நடுவில் சாய்த்து அடுக்கி, நிழல்வலையை இறுக்கிப் போர்த்திக் கட்டினோம். கட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. தளர்வாகக் கட்டிய வலையோ தார்ப்பாயோ படபடவென்று அடித்துக்கொண்டே வரும். ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய சக்தியைக் கொடுப்பது நம் டீசல்தான்.

பல்லடம் வரைக்கும் காற்று முதுகில். நேற்று எதிர்த்த அதே காற்று இன்று தள்ளிவிட்டது. நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமல் 55-ல் போனோம். 45-லிருந்து 55-க்குள் போகச் சொல்லி பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. பங்க் சுவரில் அந்த வாசகத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் செய்ததில்லை. திருப்பூர் பக்கம் ரோடு நெருக்கம், அங்கே யாருக்கும் இது முடியாது.

சேவூரில் டீக்கு நிறுத்தியபோது சித்தப்பா டீக்கடைக்குப் போகாமல் வண்டியைச் சுற்றி வந்தார். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் வைத்துப் பார்த்தார். முன்னால் இரண்டும் வெதுவெதுப்பு. பின் வலது வெதுவெதுப்பு. பின் இடதில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார். டீக்கடையில் தண்ணீர் வாங்கி இரண்டு சொட்டு விட்டார். சுர்ரென்றது.

"பிரேக் புடிச்சுட்டே வருதுங், பாரு." கடைசி பத்து கிலோமீட்டரில் நான் பிரேக்கே பெரிதாகத் தொடவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே துரு ஏறி, விட்ட பிறகும் முழுக்கத் திரும்பாமல் இருந்திருக்கிறது. பின் இடது டயரில் காற்று அதிகமாகக் குறைந்தது வேறு விஷயமோ என்னவோ, ஆனால் இழுத்துக்கொண்டே ஓடும் பிரேக்கைத்தான் இத்தனை நாள் நான் ‘வண்டிக்கு வயசாச்சு’ என்று நினைத்திருக்கிறேன்.

புளியம்பட்டியில் ஒரு பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். அரைச் சுற்றில் நின்றது. கேபிளை மாற்றி, டிரம்முக்குள் அடைந்திருந்த தூசியைத் தட்டி, பிரேக் ஷூவைச் சரிபண்ணி விட்டபின் அதே கை வேகத்துக்கு மூன்று சுற்றுக்கு மேல் போனது. மெக்கானிக் தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சுற்றிவிட்டான். எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. வியாழன் மாட்டுச் சந்தையாக இருந்திருந்தால் புளியம்பட்டியில் வண்டி நிறுத்தவே இடம் இருந்திருக்காது. நல்ல நாளில் வந்தோம்.

சத்தியில் ஃபுல் டேங்க்: 164 கி.மீ., 15.6 லிட்டர். 10.5. இரவு அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "எவ்வளவு குடுத்துச்சு சாமி?"

மூன்றாம் நாள்: பண்ணாரி – திம்பம் – தாளவாடி

திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு. விடிந்தபின் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினோம்.

27 கொண்டை ஊசி வளைவு. நான் எப்போதும் மூன்றாவது கியரில் இழுத்து, வண்டி திணறியபின் இரண்டாவதுக்கு வருவேன். சித்தப்பா வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது போடச் சொன்னார். திணறும் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பம்ப் கொட்டுகிற டீசலை எரிக்க உள்ளே காற்று போதாது, எரியாத மிச்சம் புகையாகப் போகும் என்றார். எட்டாவது வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டாவது கியரிலும் கரும்புகை வந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மேலே ஏறியபின் ஒரு கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த பெளதிகம் இப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டது. வண்டி, கன்று, நாங்கள் இரண்டு பேர் எல்லாம் சேர்த்து இரண்டரை டன். ஏற்றம் எழுநூற்றைம்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இந்த எஞ்சினில் சக்கரத்துக்கு வராது. அந்தக் கணக்கில் உயரத்துக்கு மட்டும் ஒன்றே முக்கால் லிட்டர் ஆகிறது. எப்படி ஓட்டினாலும் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வண்டியில் தேவையில்லாமல் கிடக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அதில் பங்கு உண்டு. சீட்டுக்குப் பின்னால் பார்த்தால் பழைய பேட்டரி, உடைந்த ஜாக்கி, இரும்புச் சங்கிலி, மூன்று பழைய டியூப். நாற்பது கிலோ இருக்கும். இரண்டு வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

ஆசனூர் தாண்டியதும் கரும்பு லாரிக்குக் காத்திருக்கும் யானை எதுவும் இன்று இல்லை. தாளவாடியில் கன்றை இறக்கினோம். பாதிப் பேச்சு தமிழ், பாதி கன்னடம். வீட்டுக்காரம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தோம். காகித மடிப்புகளுக்குள் செம்மண்ணும், எரு ஏற்றிய நாட்களின் தூசியும் அப்பிக் கிடந்தது. சித்தப்பா அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார். உள்ளே கையை விட்டால் கை தெரியவில்லை, வெளிச்சமே இந்தப் பக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டி காற்று குறைந்தால் டீசலையும் குறைத்துக்கொள்ளும். இந்தப் பம்ப்புக்கு அது தெரியாது, மிதித்த அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எட்டாவது வளைவுப் புகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தட்டித்தான் போட்டோம். கம்ப்ரஸர் வைத்து அடித்தால் காகிதம் கிழிந்து மண் நேராக எஞ்சினுக்குள் போய்விடும், அதற்கு அடைத்த ஃபில்டரே மேல்.

நான்காம் நாள்: தாளவாடி – சத்தி – ஈரோடு

காலைக் குளிரில் முட்டைக்கோஸ் ஏற்றினார்கள். எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். சித்தப்பா சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டார். சும்மா ஓடினாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், மைலேஜ் சைபர்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம் இது. மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இறக்கமே எஞ்சினைச் சுழற்றும். பம்ப்பில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப டீசல் அளவை மாற்றும் கவர்னர் என்ற பாகம் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, கியரில் இறங்குவதுதான் மிச்சம். எஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம். பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வாக்குவம் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் சுற்றும். இரண்டு மூன்று மிதியில் இருப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஏறிய அதே இரண்டாவது கியரில் 27 வளைவையும் இறங்கினோம். கீழே வந்து டிரம்மைத் தொட்டேன், கை வைக்க முடிந்தது.

பண்ணாரியில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபோதுதான் அடுத்த விஷயம் பிடிபட்டது. முள் அடியில் கிடந்தது. மலையில் இறங்கினால் ஆறும்தான். ஆனால் சத்தி தாண்டி அரை மணி ஓடிய பிறகும் கால் பங்குக்கு மேல் ஏறவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு சித்திரைக்கு முன்னால வண்டி சூடாச்சுன்னு பட்டறைல விட்டமே, அப்ப வால்வைக் கழட்டிட்டாங்க சாமி. சூடே ஆகாதுன்னு சொன்னாங்க."

தெர்மோஸ்டாட் வால்வு. வெயில் ஊரில் இது வேண்டாம் என்று கழட்டிப் போடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எஞ்சின் ஒரு சூட்டுக்கு, பெரும்பாலும் 80 டிகிரிக்கு மேல், வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருப்பது அதன் வேலை. கழட்டிவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சுவரில் டீசல் சரியாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், பிஸ்டனும் லைனரும் சீக்கிரம் தேயும்.

ஈரோட்டு மண்டியில் கோஸை இறக்கிவிட்டு வால்வும் புது ஏர் ஃபில்டரும் வாங்கினோம். இரண்டும் சில நூறு ரூபாய்தான். வால்வை மட்டும் போட்டால் மறுபடி சூடாகும், அன்றைக்குச் சூடான காரணம் அப்படியே இருக்கிறதே என்று சித்தப்பா எச்சரித்தார். ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவியபோது முன்பக்கத் தகடுகளுக்குள் கொப்பரைத் தூசியும் பூச்சியும், அடியில் துருச் சேறு. வால்வைக் கழட்டுவதற்குப் பதில் அன்றைக்கே இதைக் கழுவியிருக்கலாம்.

ஐந்தாம் நாள்: சங்ககிரி

காவிரியில் இரு கரை தொட்டுத் தண்ணீர். பள்ளிபாளையம் பாலத்தில் ஒரு நிமிஷம் நின்றோம். ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது சங்ககிரிக் கோட்டையில்தான், ஆடிப்பெருக்கன்று கூட்டம் கூடும்.

சங்ககிரி வந்தது, எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்காக. சித்தப்பாவுக்கு முப்பது வருஷப் பழக்கமான பம்ப் கடை. நாலு நாசிலையும் கழட்டி ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டினார் கடைக்காரர். கையால் லீவரை அடித்தால் நாசில் முனையிலிருந்து டீசல் வரும். முதல் நாசில் கிர்ர் என்று சத்தம் போட்டு, நாலு பக்கமும் பனிப்புகை மாதிரித் தூவியது. முனை காய்ந்தே இருந்தது. இரண்டாவதில் சத்தமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் நூலாகப் பீய்ச்சியது. அடித்து நிறுத்தியபின் முனையில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"இது நல்லா இருக்கறப்ப புகையாப் போவோணுமுங். சொட்டு எரியாதுங், கரிதான் ஆகும்" என்றார் கடைக்காரர்.

மூன்றாவது சுமார், நாலாவதும் சொட்டியது. இரண்டு நாசிலுக்கு முனை மாற்றி, சிம் என்ற மெல்லிய தகடு வைத்து நாலையும் ஒரே பிரஷருக்குக் கொண்டுவந்தார். செம்பு வாஷர் புதிதாகப் போட்டார். ரிட்டர்ன் பைப் ஒன்றில் கசிவு இருந்தது, விரலால் தடவினால் ஈரம். அதையும் மாற்றினார். பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். புகை இல்லாத வண்டியில் டீசலைக் குறைத்தால் இழுவை போகும், நாம் ஒரு கியர் கீழே போட்டு அதிகம் மிதிப்போம், கணக்கு ஒன்றுதான்.

கடையில் இருந்த ஒருவர் டீசல் குழாயில் மாட்டும் காந்தம் பற்றிச் சொன்னார். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுமாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, எதிலும் சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூடவில்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு நாசில் முனை வரும்.

ஸ்டார்ட் செய்தபோது பழைய கடகட சத்தத்தில் பாதி இல்லை. சித்தப்பா பானெட்டில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அங்கேயே ஃபுல் டேங்க் போட்டோம்.

ஆறாம் நாள்: நாமக்கல் – கரூர் – காங்கேயம்

திருச்செங்கோடு வழியில் போர் போடும் ரிக் வண்டிகள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். நின்று பார்க்க ஆசைதான், எரு மூட்டை காத்திருந்தது. ஒரு டன் ஏற்றி, தார்ப்பாயைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினோம்.

பரமத்தி வேலூர், கரூர், வெள்ளகோவில். கரூரிலிருந்து மேற்கே திரும்பினால் மறுபடி எதிர்க்காற்று, முதல் நாள் போலவே. அன்று காலி வண்டி, இன்று ஒரு டன். 50-ஐத் தாண்டவில்லை. நாலாவது கியர் கடைசிவரை நின்றது. முள் நடுவில் நின்றது. கண்ணாடியில் புகை தெரியவில்லை. சித்தப்பா வெள்ளகோவில் தாண்டியதும் தூங்கிவிட்டார். ஒரு வாரத்தில் முதல்முறையாக.

காங்கேயத்தில் அதே பங்க், அதே குழாய், ஒரு கட். 152 கி.மீ., 13.4 லிட்டர். 11.3.

வீட்டில் அம்மா அரிசியும் பருப்பும் ஆக்கி வைத்திருந்தார்கள். அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை நிறுத்தியதும் சாவிக்குக் கை நீட்டவில்லை, நோட்டுக்குக் கை நீட்டினார். முன் டயரை உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பம் மாதிரி இருக்கிறது, சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்க்கவில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். 2014-ல் நின்ற வரிக்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதினார்: "ஆடி. எரு 1 டன், நாமக்கல். எதிர்க்காற்று. 11.3. அலைன்மென்ட் பாக்கி."